பதினான்கு படிகள்

"அப்போ என் புஸ்தகம் எத்தினியாவது நம்பர்ல வருது?"

"நம்பர் கெடையாதுப்பா. எழுதினவங்க பேரு அகர வரிசையில வரும்."

"அப்போ கு. க, கா, கி, கீ, கு... முன்னாடியே வந்துடுவேன்னு சொல்லு" என்று தறிக்குழியிலிருந்து குமாரவேல் சிரித்தார், ஊடிழை சுமந்த நாடா ஒருமுறை அந்தப் பக்கம் போய்த் திரும்பியது, மகள் திரிஷா மடிக்கணினியின் திரையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டாள், அவர் இருக்கும் இடத்திலிருந்து ஒன்றும் தெரியாது என்று தெரிந்தும் சாய்த்துக்கொண்டாள். ஆமாம், கு முன்னாடி, தே பின்னாடி, குமாரவேல் மேலே, நேற்று நூலகத்தில் கிடைத்த தேவராஜன் கீழே... யார் முதலில் எழுதினார்கள் என்று அகர வரிசைக்குத் தெரியாது, அதற்கு எழுத்து மட்டும்தான் தெரியும். ஆய்வுக்கு ஒரு நூற்பட்டியல், பத்துப் புத்தகம், ஒவ்வொன்றுக்கும் மூன்று வாக்கியம், புத்தகம் என்ன சொல்கிறது, எவ்வளவு நம்பலாம், உன் ஆய்வுக்கு எப்படி உதவும், அவ்வளவுதான் என்று வரலாற்று மேடம் சொன்னபோது எவ்வளவு சுலபமாக இருந்தது. உள்ளூர் ஆதாரம் ஒன்றாவது வேண்டும் என்றதும் இவள்தானே எழுந்து நின்றாள், எங்க அப்பாவே எழுதியிருக்காரு மேடம் என்று. யார் கேட்டார்கள்? வீட்டுக்கு வந்து அதைச் சொல்லாமலாவது இருந்திருக்கலாம், இப்போது தெரு முழுக்கத் தெரியும், குமாரவேல் புத்தகம் காலேஜுக்குப் போகுது என்று பால் ஊற்றுகிற லோகாம்பாள் வரைக்கும் தெரியும். நாளைக்குத் திங்கட்கிழமை, காலையில் கொடுக்க வேண்டும், ஒன்பது முடிந்துவிட்டது, இது ஒன்றுதான் பாக்கி.

நேற்று நூலகத்தில் அந்த இன்னொரு புத்தகத்தை எடுக்காமல் இருந்திருந்தால்... சின்ன காஞ்சிபுரத்து வாத்தியார் தேவராஜன், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றில் ஊர்க் குளங்களைப் பற்றி எழுதியது, அட்டை இல்லை, பூச்சி அரித்த நாற்பதாம் பக்கத்திலிருந்து இவர்கள் தெருக்கோடிக் குளம். முதல் வரியைப் படித்ததுமே இதை எங்கேயோ படித்திருக்கிறோமே என்று சந்தோஷம்தான் வந்தது, சொந்தக்காரரை வெளியூர் பஸ்ஸில் பார்த்த மாதிரி. இரண்டாம் வரியிலும் சந்தோஷம். மூன்றாம் வரியில் அது அப்பா புத்தகம் என்று தெரிந்துவிட்டது. போனில் படம் எடுத்து வந்து, சாப்பிட்டு, தூங்கி, எழுந்து, இன்று காலையிலிருந்து அதையும் அப்பாவின் பதினாறு பக்கப் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறாள், ஒரு கமா கூடத் தவறவில்லை. 'இக்குளத்திற்கு இன்றும் பதினான்கு படிகள் உள்ளன, யானே நேரில் எண்ணிப் பார்த்தேன்.' அந்த 'யானே'யும் அப்படியே. அப்பா எப்போது யான் என்று பேசினார்? படி பதினொன்றுதான். இவளுக்கு எண்ணக் கற்றுக்கொடுத்ததே அந்தப் படியில்தான், சித்திரையில் தண்ணீர் வற்றியபோது விரலைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படிக்கும் ஒரு எண், பதினொண்ணு என்றதும் காலுக்குக் கீழே வெடித்த சேறு. பதினொன்றுக்கு மேல் எண் இருக்கிறது என்பதே பள்ளிக்கூடம் போனபிறகுதான் தெரிந்தது. ஒருவேளை அந்தக் காலத்தில் பதினான்கு இருந்து மூன்று சேற்றில் புதைந்திருக்கலாம், சரி, அது வாத்தியாருக்கு. இவருக்கு? இவர் காலுக்கே தெரியுமே...

இவள் படிக்கிற மொழிபெயர்ப்பு நாவல்களில் இப்படி ஒன்று நடந்தால் அந்தப் பெண் மேலங்கியை மாட்டிக்கொண்டு பனியில் இறங்கி நடந்துவிடுவாள், பாலம் வரும், கீழே உறைந்த ஆறு, அவள் ஏதோ ஒரு முடிவுக்கு வந்துவிடுவாள். இங்கே மேலங்கியும் இல்லை, பனியும் இல்லை, ஞாயிற்றுக்கிழமை மதியம், வெளியே போனால் செருப்பு ஒட்டிக்கொள்ளும் வெயில், வேகவதி ஆற்றில் மணல்தான். "ரஷ்யாக்காரன் ஊட்டுல பனி பெய்யறது தெரியுது உனக்கு, நம்ம ஊட்டுல தண்ணி வர்ற நேரம் தெரியல" என்று அப்பா அடிக்கடி சொல்வார். இன்று சொல்லவில்லை. இன்று அவருக்கு நல்ல நாள்.

சுவரில் அந்தப் போட்டோ. பத்து வருஷத்துக்கு முன் நெசவாளர் சங்கக் கூடத்தில் புத்தக வெளியீடு, அப்பாவுக்குப் பொன்னாடை, அவர் நெய்யாத ஒரே சால்வை என்று அம்மா கிண்டல் செய்தாளே. அன்றைக்கு ஒருவர்கூட அந்த வாத்தியார் புத்தகத்தைப் படித்திருக்கவில்லையா? திருட்டு என்று எழுதலாமா? அந்தச் சொல்லைத் திரையில் அடித்தாள், அழித்தாள். யாராவது அவங்க ஆயா கல்யாணப் புடவையைக் கொண்டுவந்து இதே மாதிரி வேணும் என்றால் அப்பா அதை மடியில் விரித்துக்கொண்டு கட்டம் போட்ட தாளில் புட்டாப் பூக்களைப் புள்ளி புள்ளியாக எடுப்பார், யார் போட்ட டிசைன் என்று யாரும் கேட்டதில்லை, எடுக்கிறவனின் கைச்சுத்தத்தைத்தான் பேசுவார்கள். ஒருமுறை பழைய புடவைக் கரையில் ஓர் அன்னத்துக்கு ஒரு கால் இல்லை, இழை தப்பியிருந்தது, போட்டுடலாமேப்பா என்றாள். "அதுல இருக்கிற மாதிரியே இருக்கணும்மா, நம்ம கையி வெக்கக் கூடாது." புடவை முழுக்க ஒற்றைக்கால் அன்னங்கள். அப்படித்தானா? மூன்று படி கூட இருப்பது தெரிந்தும் கை வைக்கக் கூடாது என்று விட்டுவிட்டாரா? இதை மேடத்திடம் எப்படிச் சொல்வது, மேடத்திடம் இதற்கு ஒரு சொல்தான் இருக்கிறது, முதல் வகுப்பிலேயே பலகையில் எழுதிக் கீழே இரண்டு கோடு போட்டார். ஆனால் புடவையில் அப்பா பேர் நெய்ததில்லையே. புத்தக அட்டையில் போட்டாரே... அங்கே மட்டும் கை வைத்தாரே.

எழுதினாள். 'இந்நூல் தெருக்கோடிக் குளத்தைப் பற்றியது. தேவராஜன் நூலின் வரிகளையே பெயர் சொல்லாமல் கொண்டிருப்பதால் நம்பத்தக்கதல்ல.' மூன்றாவது வாக்கியம் வரவில்லை, எப்படி உதவும், எப்படி உதவும்... அப்பா புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை மறுபடி புரட்டினாள், அச்சகத்தின் பெயருக்கு மேல் பொடி எழுத்தில் ஒரு வரி, போனில் தேடினாள், வாத்தியாரிடம் அது இல்லை, முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தாள், இல்லவே இல்லை. 'மழை நாளில் ஏழாவது படி வழுக்கும், பிள்ளைகளை விரல் பிடித்து இறக்கவும்.' பதினாறு பக்கத்தில் இந்த ஒரு வரிதான் அவருடையது. ஏழாவது படி. எண்ணியிருக்கிறார். இதை மூன்று வாக்கியத்தில் எதற்குள் வைப்பது, எதற்குள்ளும் இடமில்லை, மேடம் கேட்ட எதிலும் இது இல்லை, இவளுக்கும் நாளைக்குள் புதிதாக ஒரு புத்தகம் கிடைக்கப்போவதில்லை.

தறி நின்றிருந்தது. எப்போது நின்றது? அப்பா துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார், வியர்வையும் கஞ்சிப் பசையும் கலந்த வாசனை, திரையை உற்றுப் பார்த்தார், எழுத்து கலங்கியிருக்க வேண்டும், கண்ணைச் சுருக்கினார்.

"கண்ணாடி தறி மேல இருக்குதும்மா, திரும்ப எழுந்துக்க முடியல. என்னைப் பத்தி எழுதிக்கினு இருக்கியே, அத மட்டும் நீயே படிச்சுக் காட்டேன்."