மாதாவிடம் சொன்னது

1987இல் லண்டனில் ஒரு சிறிய ஓவியக்கூடத்தில் பரமேஸ்வரன் காவலராகச் சேர்ந்தார். யாழ்ப்பாணத்தில் ஆங்கில ஆசிரியராக இருந்தவர். சீருடை போட்டு நாள் முழுக்க நிற்கும் வேலை என்பது ஊர்ச்சனத்துக்குத் தெரியக்கூடாதென்று, 'ஒஃபிஸ் வேலை' என்று சொல்லிவைத்திருந்தார்.

அவர் காவல் நின்ற அறையில் ஐந்நூறு வருடப் பழமையான இத்தாலிய ஓவியம் ஒன்று தொங்கியது. மாதாவின் மடியில் பாலன். தாயின் முக்காட்டைப் பிஞ்சுக் கையால் இறுக்கிப் பிடித்திருந்தான். புதன்கிழமைகளில் ஒரு பெண் அதன் முன்னால் வந்து நிற்பாள். முதல் நாளே, "அண்ணை யாழ்ப்பாணமோ?" என்று கேட்டாள். தனக்கு விளங்கவில்லை என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டார்.

அதன்பிறகு அவள் கூச்சமில்லாமல் வாய்விட்டே பேசினாள். "றோஸ்மலர் வந்திருக்கிறன், மாதாவே" என்றுதான் தொடங்குவாள். மூன்று வயது மகளை யாழ்ப்பாணம் குருநகரில் தமக்கையிடம் விட்டு வந்தது, லண்டன் டூட்டிங் பகுதியில் இறைச்சிக் கடையில் வேலைக்கு நிற்பது, பிள்ளையை லண்டனுக்குக் கூப்பிட மனுப் போட்டது எல்லாம் பரமேஸ்வரனின் காதில் விழுந்தன.

ஒருநாள் கையில் கடிதத்தோடு வந்தாள்.

"விசாக் கடிதம், மாதாவே. மனு எழுதித் தந்தவர் கனடாவுக்குப் போயிட்டார். இதை ஆரிட்டக் காட்டுறது?"

நாலடி தள்ளி நின்ற பரமேஸ்வரன் முகத்தை வாசல் பக்கம் திருப்பிக்கொண்டார். அடுத்த புதனும் அதே கடிதம். அன்றும் அடுத்த அறைப் பக்கம் நகர்ந்துவிட்டார். மூன்றாவது புதன் தாங்கமுடியாமல் கிட்டப் போனார்.

"தாங்கோ பிள்ளை, நான் வாசிக்கிறன்."

அவள் திடுக்கிட்டாள். "அப்ப, நான் கதைச்சதெல்லாம் விளங்கினதோ?"

"ஓம்."

அவள் கடிதத்தை நீட்டினாள். ஒரு படிவத்தில் ஒப்பமிட்டு அனுப்பச் சொல்லியிருந்தார்கள். கெடு முந்தின வெள்ளிக்கிழமையோடு முடிந்திருந்தது.

அன்றைக்கே மன்னிப்புக் கேட்டு எழுதினார். மறுத்துவிட்டார்கள். மறுபடி மனு, மேல்முறையீடு என்று எல்லாம் அவரே எழுதினார். பிள்ளை வந்து சேர 1990 ஆகிவிட்டது. ஹீத்ரோவுக்கு அவரும் போயிருந்தார். ஏழு வயதுச் சிறுமி றோஸ்மலரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அன்ரி, அம்மா எப்ப வருவா?" என்று கேட்டாள். தன்னை வளர்த்த பெரியம்மாவைத்தான் அம்மா என்கிறாள் என்று எல்லோருக்கும் விளங்கியது.

"நான் அண்டைக்கே வாசிச்சிருக்க வேணும், பிள்ளை" என்றார் பரமேஸ்வரன்.

றோஸ்மலர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஓம் அண்ணை. வாசிச்சிருக்கலாம்."

 பரமேஸ்வரன் சிறுமியின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தார்.