கரகத்தை எந்தத் தலைப்பில் தேடுவது

ஆடி மாதம் எங்கள் சந்துக்குள் மாரியம்மன் கரகம் வரும்போது வீட்டுக்குள் யாரும் இருக்கக் கூடாது. பெங்களூர் மர்பி டவுனில் மற்ற தெருக்களில் இந்த வழக்கம் இல்லை, எங்கள் சந்தில் மட்டும்தான். காலையிலேயே பாய், மெத்தை, அரிசி டின், டிவி எல்லாம் தெருவுக்கு வந்துவிடும். கதவையும் ஜன்னலையும் திறந்து வைத்துவிட்டு, எதிர்ச் சுவரோரம் வரிசையாக நிற்போம். கரகம் எடுக்கும் முனியப்பன் அண்ணன் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் தனியாகப் போய், மூலைக்கு மூலை வேப்பிலைத் தண்ணீர் தெளித்துவிட்டு வெளியே வருவார். அதற்குப் பிறகுதான் நாங்கள் உள்ளே போகலாம். ஏன் இப்படி என்று கேட்டால், "ஆத்தா பெரியவம்மா. அவளுக்கு எடம் வேணாமா?" என்பார்கள். சிறு வயதில் எனக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது. கூரை வரை உயர்ந்த ஒரு பெண் எங்கள் ஒற்றை அறையில் குனிந்து நடப்பதை நினைத்துக்கொள்வேன்.

இந்த வருடம் கரகம் சந்துக்குள் வராது என்றார்கள்.

சந்தின் கோடியில் புதிதாக வந்திருக்கும் அபார்ட்மெண்ட்டிலிருந்து புகார் போயிருந்தது. வழியெல்லாம் கட்டிலும் பீரோவும் கிடந்தால் அவசரத்துக்கு ஆம்புலன்ஸ் எப்படி வரும் என்று கேட்டிருந்தார்கள். அதில் தவறு சொல்ல முடியாது. கோவில் கமிட்டித் தலைவர் கோதண்டராமன் மாமாவும் என் அண்ணன் ரவியும் நானும் ஸ்டேஷனுக்குப் போனோம். இன்ஸ்பெக்டர் மரியாதையாகத்தான் பேசினார். மெயின் ரோட்டில் கரகம் போகட்டும், சந்துக்குள் வேண்டாம் என்றார். "நூறு வருஷமா போய்க்கினு இருக்குது சார்" என்றார் மாமா.

"ஏனாதரு ஒந்து ஹளே காகத இத்ரெ கொடி" என்றார் இன்ஸ்பெக்டர். பழைய காகிதம் ஏதாவது ஒன்று இருந்தால் கொடுங்கள், நான் மேலே பேசுகிறேன். வெள்ளிக்கிழமைக்குள்.

வெளியே வந்ததும் மாமா அண்ணனைப் பார்த்தார். "காகிதமா? ரவி, நம்ம கோவில்ல இருக்கிற ஒரே காகிதம் கரெண்டு பில்லுதான்டா."

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் மமதா அண்ணி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் ஏன் திரும்பிக்கொண்டார் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

குழந்தை ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டவன். உள்ளங்கை அகலம்தான் இருந்தான். பல வாரங்கள் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தான். ஒரு மாலை கண்ணாடிக்கு வெளியே நின்றுகொண்டு, தும்கூரில் பிறந்து எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்த அண்ணி, எங்கள் ஆத்தாவிடம் வேண்டிக்கொண்டார். அடுத்த ஆடியில் நீ என் வாசலுக்கு வருவாய், அப்போது இவன் என் இடுப்பில் இருக்க வேண்டும், உன் காலுக்கு நான் மஞ்சள் தண்ணீர் ஊற்ற வேண்டும். பக்கத்தில் நின்ற என்னிடம் மட்டும் அதைச் சொன்னார்.

"கோவிலுக்கே போய் ஊத்தலாமே அண்ணி" என்றேன், இப்போது ஜன்னல் அருகே போய்.

"கோவிலுக்கு நான் போனா, அது நான் போறது மைதிலி. அவ வருவான்னுதானே நான் மாத்து குடுத்தேன்? அவ வராம நான் மட்டும் எப்படி முடிக்கிறது?"

மாத்து என்று அவர் சொன்ன அந்த வாக்கை நிறைவேற்ற முடியாத கவலையைவிட, நன்றியைச் சொல்ல இடமில்லாமல் போகும் கவலைதான் அந்த முகத்தில் இருந்தது. அன்றே தேடத் தொடங்கினேன்.

அரசு ஆவணக் காப்பகங்களின் பட்டியல்கள் இப்போது இணையத்தில் இருக்கின்றன. முதலில் மாநிலக் காப்பகத்தின் பட்டியலைத் திறந்தேன். ஒரு வெள்ளைக் கட்டம், பக்கத்தில் ஒரு பூதக்கண்ணாடிப் படம். மாரியம்மன் என்று ஆங்கிலத்தில் அடித்தேன். எங்கெங்கோ உள்ள கோவில்களின் மானியக் கணக்குகள் வந்தன. கரகம் என்று அடித்தேன். ஒன்றுமில்லை. திருவிழா, ஊர்வலம், அனுமதி, பெங்களூர். ஒவ்வொரு முறையும் அந்தப் பக்கம் சற்று யோசிப்பது போல நின்றுவிட்டு, பதிவுகள் இல்லை என்றது.

அண்ணி காபி கொண்டுவந்து வைத்தார். "எப்பவும் கதைப் புக்குல ருஷ்யாக்காரன் வீட்டுலயும் ஜப்பான்காரன் வீட்டுலயும்தான் இருப்ப. இன்னைக்கு கவர்மெண்ட் வீட்டுக்கா போயிருக்க?"

"அவங்க கதவு திறக்க மாட்டேங்கறாங்க அண்ணி."

மறுநாள் அலுவலகத்தில் சாப்பாட்டு நேரத்தில் லீனாவிடம் புலம்பினேன். லீனா காக்ஸ் டவுன்காரி. நாங்கள் இருவரும் ஒரே இன்சூரன்ஸ் அலுவலகத்தில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி.

"லூசு, மைசூர் ராஜா வீட்டுல போய் தேடினா எப்படி கிடைக்கும்?" என்றாள். "நம்ம ஏரியா எல்லாம் கண்டோன்மெண்ட். ராஜாவுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல, வெள்ளைக்காரன் கையில இருந்தது. பேப்பர் எல்லாம் டெல்லிக்குப் போயிருக்கும். எங்க சர்ச்சுக்கு நூறாம் வருஷ மலர் போட்டப்ப எல்லாமே டெல்லி சைட்லதான் கிடைச்சது."

என் டிபன் பாக்ஸில் இருந்த முட்டையை முழுதாக அவளுக்கே கொடுத்துவிட்டேன்.

அன்று மாலை தில்லிக் காப்பகத்தின் பட்டியலில், மைசூர் ரெசிடென்சி என்ற வெள்ளைக்கார அலுவலகத்தின் பிரிவுக்குள் நுழைந்தேன். உலகமே அங்கேதான் இருந்தது. குதிரை லாயத்துக்குக் கூரை வேய்ந்தது, ஒரு கடிகாரத்தைப் பழுது பார்த்தது, பேண்ட் வாசிப்பவனின் விதவைக்கு உதவி கேட்டது, அல்சூர் ஏரியில் துணி துவைக்கத் தடை போட்டது. ஒவ்வொரு கோப்புக்கும் நீளமான ஆங்கிலத் தலைப்பு. ஒவ்வொரு தலைப்பும் எங்கேயோ தொடங்கி எங்கேயும் முடியாமல் நின்றுபோன கதையாக இருந்தது. நான் வந்த வேலையை மறந்து படித்துக்கொண்டே போனேன். நினைவு வந்து திருவிழா என்று தேடினேன். முகரம் வந்தது, தசரா வந்தது, கிறிஸ்துமஸ் விடுமுறை வந்தது. எங்கள் சந்து வரவில்லை. மதம் என்ற தலைப்பு, கோவில் என்ற தலைப்பு, போலீஸ் என்ற தலைப்பு, எதிலும் வரவில்லை.

வியாழக்கிழமையும் வந்துவிட்டது. நம்பிக்கை போன பிறகும் மடிக்கணினியை மூட மனமில்லாமல் உட்கார்ந்திருந்தேன். அண்ணி அடுக்களையில் பாத்திரங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஆத்தா வந்தாலும் வராவிட்டாலும் பாத்திரம் தேய்த்து வைப்பது என்று முடிவு செய்திருந்தார் போலும்.

"எனக்கு ஒண்ணு சொல்லு மைதிலி" என்றார் அங்கிருந்தே. "எங்க ஊர்ல தேவரு, அதான் சாமி, வந்தா வீட்டுல கோலம் போடுவோம், தோரணம் கட்டுவோம். நீங்க ஏன் வீட்ட காலி பண்றீங்க? கல்யாணமாகி வந்த வருஷம் பயந்தே போயிட்டேன். பெட்டையும் பீரோவையும் தூக்கி ரோட்டுல போட்டு, ஜனம் எல்லாம் வெளிய நின்னுக்கிட்டு. கார்ப்பரேஷன்காரன் மருந்து அடிக்க வந்த மாதிரி!"

நான் நிமிர்ந்து பார்த்தேன். அண்ணி தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துக்கொண்டிருந்தார்.

கார்ப்பரேஷன்காரன் மருந்து அடிக்க வந்த மாதிரி. ஜன்னல் கதவுகளைத் திறந்து வைக்க வேண்டும். சாமான்களுக்கு வெயில் பட வேண்டும். மூலைக்கு மூலை தெளிக்க வேண்டும். தெளித்த பிறகுதான் உள்ளே போக வேண்டும். ஆத்தாவுக்கு இடம் விடுவதாக நினைத்தே ஒரு சந்து முழுக்க நூறு வருடமாக வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தது. அதனால்தான் நானும் சாமி இருக்கும் தலைப்புகளிலேயே தேடிக்கொண்டிருந்தேன்.

சுகாதாரம் என்ற தலைப்பைத் திறந்தேன். அந்தக் காலத்தில் பெங்களூரில் வீடுகளைக் காலி செய்யவைத்த நோய் பிளேக் என்பதால், பிளேக், ஊர்வலம் என்று இரண்டு சொற்களை அடித்தேன்.

ஒரே ஒரு பதிவு.

அதன் தலைப்பு மூன்று வரி நீளம். எங்கள் பேட்டையின் பழைய பெயர் அதில் இருந்தது. பிளேக் நோய்க் காலத்தில் வீடுகளைக் காலி செய்விக்கும் பொருட்டு, அங்கு வாழும் தமிழர்கள் தங்கள் தெய்வத்தின் பானையைச் சந்து வழியாகவும் வீடுகளுக்குள்ளும் எடுத்துச் செல்வது குறித்து.

"அண்ணி" என்றேன். பாத்திரச் சத்தத்தில் கேட்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன்.

ஈரக் கையோடு ஓடிவந்தார். கோப்பின் பக்கங்கள் படமெடுத்து ஏற்றப்பட்டிருந்தன. பழுப்பேறிய காகிதத்தில் சாய்வான கையெழுத்து. ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். எழுதியவர் ஒரு சுகாதார அதிகாரி. அவர் கையொப்பம் புரியவில்லை, அதனால் அவர் பெயர் எங்களுக்குத் தெரியாது. எங்கள் ஆட்கள் மருந்தோடு போனால் ஜனங்கள் கதவை உள்ளே தாழிட்டுக்கொள்கிறார்கள், என்று எழுதியிருந்தார். நோயாளிகளைப் பரணில் ஒளித்து வைக்கிறார்கள். பலத்தைப் பயன்படுத்த எனக்கு விருப்பமில்லை. அவர்களுடைய பூசாரியோடு பேசினேன். அம்மன் வருகிறாள், வெளியே வாருங்கள் என்று அவர் சொன்னால் எல்லோரும் தாமாகவே வருவார்கள் என்கிறார். ஆகவே பானை முன்னால் செல்லவும், அதன் பின்னால் என் ஆட்கள் சுண்ணாம்பும் மருந்தும் கொண்டு செல்லவும் அனுமதி கோருகிறேன்.

கீழே வேறொரு கையெழுத்தில் ஒரே வரி: அனுமதிக்கலாம், மறு உத்தரவு வரும்வரை ஆண்டுதோறும்.

அண்ணி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அந்த பூசாரி கெட்டிக்காரன்" என்றார் மெதுவாக. "எத்தன புள்ளைங்க பொழச்சிருக்கும் இல்ல?"

என் கண்கள் மட்டும் அந்தத் தலைப்புக்கே திரும்பத் திரும்பப் போயின. தில்லியில் யாரோ ஒருவர் இந்தக் கோப்பைப் பிரித்து, மூன்று வரித் தலைப்பைப் பொறுமையாகத் தட்டச்சு செய்திருக்கிறார். சுகாதாரம், இதரவை என்று இரண்டே சொற்களில் முடித்திருக்கலாம். மதிய வெயிலில் தூக்கத்தில் கண் சொக்கியிருக்கும். பக்கத்தில் இன்னும் ஆயிரம் கோப்புகள் காத்திருந்திருக்கும். இருந்தும் பானையையும் சந்தையும் தமிழர்களையும் விடாமல் எழுதிவிட்டு, அடுத்த கோப்பை எடுத்திருக்கிறார். முகம் தெரியாத அவருக்கு மனதுக்குள் வணக்கம் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை காலையில் கோப்பை அச்செடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனோம். இன்ஸ்பெக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதையும் படித்தார். கடைசி வரியில் விரலை வைத்தார்.

"மறு உத்தரவு வரும்வரை. வந்ததா?" என்று கன்னடத்தில் கேட்டார்.

"தேடிட்டேன் சார். அப்படி எதுவும் கிடைக்கல."

அவர் சிரித்துவிட்டார். "அப்ப இது நீங்க கேட்ட அனுமதியே இல்லம்மா. சர்க்கார்தான் உங்க தேவியைக் கூப்பிட்டிருக்கு." பிறகு மாமாவிடம் திரும்பினார். "சாமானெல்லாம் ஒரு பக்கமா வைக்கணும். ஆம்புலன்ஸ் வந்தா வழி இருக்கணும். சரியா?"

"ஆம்புலன்ஸ் வந்தா ஆத்தாவே ஒதுங்கி நிப்பா சார்" என்றார் மாமா. "அவ டிபார்ட்மெண்டும் அதுதானே."

ஞாயிற்றுக்கிழமை கரகம் வந்தது. கட்டில்கள் எல்லாம் ஒரே பக்கச் சுவரை ஒட்டி நின்றன. மாமா சுண்ணாம்பால் கோடு போட்டு, அதைத் தாண்டி நாற்காலி வைத்தவர்களைத் திட்டிக்கொண்டிருந்தார். அபார்ட்மெண்ட்டிலிருந்து சிலர் வந்து கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றார்கள். புகார் கொடுத்தவரே வந்திருந்தார். கோப்பின் நகலை மாமா அவருக்கும் ஒன்று கொடுத்திருந்தார். அவர் அதைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு, திறந்து கிடந்த வீடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

பம்பைச் சத்தம் எங்கள் வாசலுக்கு வந்தது. முனியப்பன் அண்ணன் தலையில் பூக்கரகம். கண்கள் பாதி மூடியிருந்தன. அண்ணி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, மறு கையால் செம்பைத் தூக்கினார். நான் செம்பின் அடியில் கை கொடுத்தேன். மஞ்சள் தண்ணீர் முனியப்பன் அண்ணனின் பாதங்களில் விழுந்து, தெருவில் ஓடி, மாமாவின் சுண்ணாம்புக் கோட்டைக் கரைத்தது. குழந்தை அழவில்லை. தலையைத் திருப்பி, ஆடும் பூக்களையே பார்த்தான்.

என்ன சொல்வதென்று அண்ணி பல நாள் யோசித்து வைத்திருந்தார். அதில் ஒரு சொல்லும் வரவில்லை. கடைசியில், தும்கூரில் அவர் வீட்டு வாசலுக்கு யார் வந்தாலும் கேட்பதையே கேட்டார்.

"ஊட்டா ஆய்த்தாம்மா?"

சாப்பிட்டாயா அம்மா. மாமாதான் முதலில் சிரித்தார். "ஏம்மா, ஆத்தா காலையிலருந்து விரதம்மா!" பம்பைக்காரர்கள் சிரித்தார்கள். கரகம் எடுத்தவர் பேசக் கூடாது, சிரிக்கவும் கூடாது. முனியப்பன் அண்ணன் உதட்டைக் கடித்துக்கொண்டார். தோள் குலுங்கியது. கரகத்திலிருந்து இரண்டு பூ உதிர்ந்து குழந்தையின் மேல் விழுந்தது.

அண்ணி அழுதுகொண்டே சிரித்தார். முனியப்பன் அண்ணன் குனிந்து நிலைப்படியைத் தாண்டி, எங்கள் காலி வீட்டுக்குள் போனார்.