காலடிப்பேட்டையில் நின்ற வண்டி

1

இந்தக் கதையை ராயபுரத்து பாஸ்கல் ஒரு மத்தியானம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எனக்குச் சொன்னான். அவன் சொன்னதெல்லாம் ஒரு வண்டியின் பழுதைப் பற்றித்தான். எஞ்சினுக்கு டீசல் ஏறவில்லை, பம்பில் அழுத்தம் இல்லை, எங்கெல்லாம் தேடினேன் தெரியுமா என்று விவரித்துக்கொண்டே போனான். அப்போது வண்டியின் பின்னால் அண்ணனின் பிணம் இருந்தது என்பதை நடுவில் ஒரு வரியில் சொல்லிவிட்டு, மறுபடி பில்டருக்குப் போய்விட்டான்.

அந்த வரியை என்னால் தாண்ட முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'அன்று கடலும் அழுதுகொண்டிருந்த...'

கடல் அழவில்லை. வெயில் அடித்தது. மறுபடி தொடங்குகிறேன்.

ஸ்டானிஸ்லாஸுக்குத் துறைமுகத்துப் பட்டறையில் பிட்டர் வேலை. உலகச் சண்டை முடிந்து பட்டாளத்தார் ஏலம் போட்ட சின்ன லாரி ஒன்றை வாங்கி, அதன் பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு, பழைய விசைப்படகின் டீசல் எஞ்சினை உட்கார வைத்தவன். ஓட்டுவது தம்பி பாஸ்கல். திறந்து பார்ப்பது அண்ணன் மட்டும். 1951இல், மனைவி ஹில்டாவோடு அந்த வண்டியை அன்றைக்குத் தானே ஓட்டிக்கொண்டு எண்ணூருக்கு மாமியார் வீட்டுக்குப் போன இடத்தில், மார்வலி வந்து விடிவதற்குள் இறந்துபோனான்.

பாஸ்கல் முதல் பஸ்ஸில் போய்ச் சேர்ந்தான். அழவில்லை. உள்ளே அண்ணனைக் குளிப்பாட்டிய நேரத்தில் அவன் வெளியே வண்டியைக் குளிப்பாட்டினான். கிணற்றுத் தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றிச் சக்கரத்துச் சேறு வரை தேய்த்தான். அண்ணன் அழுக்கு வண்டியில் போகக் கூடாது என்று நினைத்தானாம்.

3

(வண்டி தெரியாதவர்களுக்கு: தொட்டியிலிருக்கும் டீசலை ஒரு சின்ன பம்பு உறிஞ்சி எஞ்சினுக்குத் தள்ள வேண்டும். தள்ளும் வேகம் குறைந்தால் எஞ்சின் இருமும், பிறகு நின்றுவிடும்.)

உறவுக்காரர்கள் பஸ்ஸில் முன்னால் போய்விட்டார்கள். சவப்பெட்டியோடு பின்னால் ஹில்டா மட்டும் இருந்தாள். திருவொற்றியூருக்கு முன்னாலேயே வண்டி ஒரு தடவை நின்றது. பாஸ்கல் கைபம்பை அடித்துப் பார்த்தான்; டீசல் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. பில்டரைக் கழற்றினான், சுத்தமாக இருந்தது. குழாயில் அடைப்போ என்று அதைக் கழற்றியபோது, ஸ்ஸென்று காற்று தொட்டிப் பக்கம் இழுபட்டது. அதை அவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மாட்டியதும் வண்டி ஓடியது. காலடிப்பேட்டையில் மறுபடி நின்றது.

"எதுனா சந்தேகம்னா அண்ணனாண்டதான் கேப்பேன்" என்றான் பாஸ்கல் என்னிடம். "அன்னிக்கும் கேக்கலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு."

4

என் முதல் வரைவில் இந்த இடத்தில் மதார் சாகிப் என்றொரு மெக்கானிக் சைக்கிளில் வந்து பழுதைக் கண்டுபிடித்தார். அவரை வரைவிலிருந்து அடித்துவிட்டேன். உண்மையில் யாரும் வரவில்லை. ஹில்டா விஷயத்திலும் எனக்குச் சந்தேகம் இருந்தது. புருஷனைப் பறிகொடுத்த அன்று ஒருத்தி டீசல் தொட்டியைப் பற்றிப் பேசுவாளா? பேசினாள் என்கிறான் பாஸ்கல்.

பெட்டியின் மேல் வைத்த கையை எடுக்காமல் எட்டிப் பார்த்துக் கேட்டாளாம்.

"தொட்டி வாயில ஒரு துணி இருக்குமே, எங்க?"

"காலைல வண்டிய கழுவும்போது கலீஜா கீதுன்னு தூக்கிப் போட்டுட்டேன் அண்ணி. மூடிய நல்லா இறுக்கி வெச்சேன்."

"அந்த மூடில காத்து போறதுக்கு ஓட்டை இல்ல. அதனாலதான் துணிய வெச்சு லூசா மூடுவாரு. நல்ல துணிய எடுத்துக்கினு போறாருன்னு நான் சண்டை கூடப் போட்டுகீறேன்."

தொட்டிக்குள் காற்று போனால்தான் டீசல் வெளியே வரும். பாஸ்கல் மூடியைத் திருகினான். தொட்டி நீளமாக மூச்சு இழுத்தது. கைபம்பை அடித்ததும் டீசல் பீறிட்டது. எஞ்சின் பிடித்துக்கொண்டது.

அண்ணனுக்காக ஆசையாகச் செய்த காரியம்தான் அண்ணனை நடுரோட்டில் நிறுத்தியிருக்கிறது. பாஸ்கல் அப்போதுதான் அழுதான். மட்கார்டில் நெற்றியை முட்டுக்கொடுத்துக்கொண்டு, எஞ்சின் சத்தத்தில் யாருக்கும் கேட்காமல் அழுதான்.

[இதை இன்னும் உருக்கமாக எழுதலாம். வேண்டாம்.]

5

முடிவுக்கு இரண்டு வரைவுகள் வைத்திருக்கிறேன். ஒன்றில் ஹில்டா, 'உன் மேல தப்பு இல்ல தம்பி' என்கிறாள். மற்றதில் வண்டி ராயபுரம் போய்ச் சேருகிறது. மாதா கோயில் மணி அடிக்கிறது. இரண்டும் எனக்குப் பிடிக்கவில்லை.

நடந்தது இதுதான். முகத்தைத் துடைத்துக்கொண்டு, போகலாமா என்று கேட்கப் பாஸ்கல் பின்னால் போனான். ஹில்டா பெட்டியின் மேல் கன்னத்தைச் சாய்த்து, தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தாள். எண்ணூரில் ஒரு கூட்டம் சுற்றி நின்றது. ராயபுரத்தில் இன்னொரு கூட்டம் காத்திருந்தது. அவளுக்குப் புருஷனோடு தனியாக இருக்கக் கிடைத்தது இந்த ரோடுதான்.

என்ன பேசினாள் என்று கேட்டேன்.

"நாம கேக்கக் கூடாதுன்னு இப்பால வந்துட்டேன்" என்றான்.

வந்தவன், அவ்வளவு பாடுபட்டுக் கிளப்பிய எஞ்சினைத் தானே நிறுத்தினான்.

கோயிலில் பாதிரிச் சாமியார் காத்திருக்கிறார். குழி வெட்டியாகிவிட்டது. வெயில் ஏறுகிறது. வண்டியில் இப்போது ஒரு குறையும் இல்லை. பாஸ்கல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறான். எப்போது கிளப்பச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் சொல்லுங்கள்.