கல் ஒட்டுகிற டயர்

சிவகாசியில் உராய்வு என்பது கெட்ட வார்த்தை. பட்டாசு ஆலைகளின் வாசலிலேயே எழுதிப் போட்டிருப்பார்கள். செருப்பைக் கழற்று, இரும்பை வெளியே வை, பெட்டியை இழுக்காதே, தூக்கி வை. காசிராஜன் முதலாளியின் கம்பெனியில் பழகியவன் கல்யாண வீட்டுக்குப் போனாலும் நாற்காலியை இழுத்துப் போட மாட்டான். அப்பேர்ப்பட்ட முதலாளியின் சொந்த மகள் கீர்த்திகா, உராய்வு பத்தவில்லை, இன்னும் வேண்டும் என்று டயர் டயராகத் தேடி அலைந்தாள். ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்?

எல்லாம் தம்பி மணிகண்டராஜ் கொண்டுவந்த காரால் வந்தது. இரண்டாயிரத்து ஏழாம் வருஷம், சென்னையில் யாரோ ஓட்டிக் கழித்த ஜப்பான் கார் ஒன்றை வாங்கி வந்தான். சிவப்பு நிறம், இரண்டே சீட்டு, இன்ஜின் சீட்டுக்குப் பின்னால். வந்ததும் பிள்ளையாண்டான் செய்த முதல் வேலை, கடையில் இருந்ததிலேயே அகலமான டயராகப் பார்த்து நாலு பக்கமும் மாட்டி, ஸ்பிரிங்கை வெட்டிக் காரைத் தரையோடு தரையாகத் தாழ்த்தியதுதான். நிற்கும்போது ஜோராக இருந்தது. ஓடும்போதுதான் வண்டவாளம் தெரிந்தது. விஸ்வநத்தம் ரோட்டில் குழிக்குக் குழி துள்ளியது. வளைவில் பயந்துபோய் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்பக்கம் முன்பக்கத்தை முந்திக்கொண்டு வந்தது. ஒருநாள் ரோட்டை விட்டுச் சோளக்காட்டுக்குள் போய் நின்றான். அதன் பிறகுதான் ஐயாவுக்கு அக்கா ஞாபகம் வந்தது.

கீர்த்திகா ஆட்டோமொபைல் படித்தவள். படித்துவிட்டு வந்தவளை அப்பா தங்கள் அச்சாபீஸில் காலண்டர் ஆர்டர் பார்க்க உட்கார வைத்திருந்தார். மாப்பிள்ளை அமைகிறவரைக்கும் பொழுது போக வேண்டுமல்லவா, அதற்காக. கார் கைக்கு வந்த அன்றைக்கு அவளுக்கு உயிர் வந்தது.

வெட்டிய ஸ்பிரிங்கைக் கழற்றி எறிந்தாள். கல்லு மாதிரி இறுகிப்போன ஸ்பிரிங் டயரை ரோட்டில் நிற்க விடாது, ரோட்டில் நிற்காத டயர் எவ்வளவு அகலமாக இருந்து என்ன பிரயோஜனம் என்று தம்பிக்கு விளக்கினாள். அவன் போனைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினான். எடை பின்னால் இருக்கிற கார் என்பதால் பின்பக்கம் மட்டும் அகலமான டயர், முன்பக்கம் அதைவிடக் குறுகல். நாலுமே நகம் பட்டால் பதிகிற மெத்தென்ற ரப்பர். திருகித் திருகி இறுக்கவும் இளக்கவும் முடிகிற ஷாக் அப்சார்பரை வரவழைத்தாள். பின்பக்கத்தை ஒரு கிளிக் இளக்குவாள், ஓட்டிப் பார்ப்பாள், முன்பக்கத்தை ஒன்று இறுக்குவாள், மறுபடி ஓட்டுவாள். கடைசியில் அந்தக் கார் அவள் பேச்சைக் கேட்கத் தொடங்கியது. வளைவுக்குள் நுழையும்போது உட்கார்ந்திருக்கிற சீட்டு வழியாகவே நாலு டயரும் என்ன செய்கின்றன என்று அவளுக்குத் தெரிந்தது. அச்சாபீஸில் ஒருநாளும் வராத சந்தோஷம் அது.

தீபாவளி கழிந்து கோயம்புத்தூரில் ரேஸ். ஒரு காருக்கு ஒருவர்தான் ஓட்ட முடியும். நான் ஓட்டுகிறேன் என்று கீர்த்திகா அப்பாவிடம் கேட்டாள். அம்மா ஆவுடைத்தாய் சோற்றுக் கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள். காசிராஜன் மட்டும் கோபப்படவில்லை. ஆயுதபூஜை அன்றைக்கு என் கண் முன்னால் ஓட்டிக் காட்டு, எனக்குப் பயமில்லாமல் இருந்தால் நீயே போ, இல்லையென்றால் தம்பி போவான், அதற்கப்புறம் மாப்பிள்ளை பார்க்கிற விஷயத்தில் நீ வாய் திறக்கக் கூடாது என்றார். சரி என்றாள். மணிகண்டராஜும் சிரித்துக்கொண்டே சரி என்றான்.

அவர்கள் வீட்டு டிரைவர் ஒச்சப்பன். டிரைவராகும் முன்னால் ஆலையில் மருந்து கலக்கும் ரூமில் இருந்தவர். அங்கே ஒரு மணல் துகள் காலில் ஒட்டியிருந்தாலும் உள்ளே விடமாட்டார்கள், கல்லும் கல்லும் உரசினால் என்னாகும் என்று அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். கீர்த்திகாவின் புது டயர் மெத்தென்ற ரப்பர் அல்லவா, ஓடி முடித்துச் சூடாக வந்து நின்றால் ரோட்டில் கிடக்கிற பொடிக்கல்லையெல்லாம் ஒட்டிக்கொண்டு வரும். அவளுக்கு அதைப் பார்த்தால் பெருமை, டயர் நன்றாகப் பிடிக்கிறது என்று. ஒச்சப்பனுக்கு அந்த மருந்து ரூம் ஞாபகம் வரும். தினமும் உட்கார்ந்து ஒவ்வொரு கல்லாகக் குச்சியால் நோண்டி எடுப்பார்.

ஆயுதபூஜை வந்தது. அச்சு மெஷினிலிருந்து பேனாக் கத்திவரை சந்தனம், குங்குமம். லாரிகளின் டயரெல்லாம் கறுப்பு பாலிஷ் பூசிப் பளபளத்தன. சிவப்புக் காரும் மாலை போட்டுக்கொண்டு பளபளவென்று நின்றது. நல்ல நாள் பெரிய நாளில் எதுதான் பளபளக்காது என்று கீர்த்திகா குனிந்து பார்க்கவில்லை. எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு கிளம்பினாள்.

வீட்டுக்குப் பின்னாலேயே நாரணாபுரம் பக்கம் பிளாட் போட்டு, தார் ரோடும் போட்டு, விற்காமல் கிடந்த இடம். அப்பாவும் தம்பியும் ஓரமாக நின்றார்கள். முதல் திருப்பத்தில் வண்டி லேசாக வழுக்கியது. டயர் இன்னும் சூடாகவில்லை, சூடானால் பிடித்துக்கொள்ளும் என்று அவள் நினைத்தாள். படித்த படிப்பு அப்படித்தான் சொன்னது. சூடாக்குவதற்காகவே அடுத்த திருப்பத்தில் இன்னும் வேகமாக நுழைந்தாள்.

கார் தட்டாமாலை சுற்றியது. எல்லைக்கல்லை இடித்துச் சாய்த்து, அப்பா நின்ற இடத்துக்கு ஒரு முழம் முன்னால் வந்து நின்றது. காசிராஜன் வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சாய்ந்த கல்லைப் பார்த்தார். பிறகு, தம்பி போகட்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

கீர்த்திகா இறங்கி டயரைத் தொட்டாள். ரோட்டில் படுகிற மேல்பரப்பில், வரிவரியாக வெட்டின பட்டன் முழுக்கப் பிசுக்கு. முகர்ந்தாள். விளக்கெண்ணெய். கையைக்கூடத் துடைக்காமல் ஒச்சப்பனைத் தேடிப் போனாள்.

கார் ஷெட்டில் ஒச்சப்பன் தலையில் அடித்துக்கொண்டார்.

"கல்லு ஒட்டுதேன்னுதான் தாயி தேச்சேன். நானாத் தேய்க்கல. சின்ன மொதலாளிகிட்டக் கேட்டேன். நல்லாத் தேயி, பட்டன்ல எல்லாம் தேயி, அக்காகிட்டச் சொல்லாத, பாத்துச் சந்தோசப்படட்டும்னாக."

சோளக்காட்டில் போய் நின்றபோது என்ன டயர், ஏன் வழுக்கியது, பட்டனில் எண்ணெய் பட்டால் என்னாகும் என்று உட்கார வைத்து அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவளே அவள்தான். அவன் போனைப் பார்த்துக்கொண்டு காதை மட்டும் திறந்து வைத்திருந்திருக்கிறான். சின்ன வயதில் இவனை இடுப்பில் தூக்கிச் சுமந்தோமே என்று அவளுக்கு அவள் மீதே ஆத்திரம் வந்தது.

ஒச்சப்பனைக் கையோடு கூட்டிக்கொண்டு அப்பாவிடம் போனாள். மணிகண்டராஜ் பக்கத்தில் கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். யார் எண்ணெய் தேய்க்கச் சொன்னது என்று காசிராஜன் கேட்டார். ஒச்சப்பன் முதலாளியைப் பார்த்தார். சின்ன முதலாளியைப் பார்த்தார். அவருடைய மகனுக்கும் மருமகளுக்கும் இந்தக் கம்பெனியில்தான் வேலை.

"யாரும் சொல்லல மொதலாளி. நானாத்தான் தேச்சேன்."

காசிராஜனுக்குக் கோபம் வந்தது. மடப்பயலே, பிள்ளையைக் கொன்றிருப்பாயே, கணக்கை முடித்துக்கொண்டு கிளம்பு என்றார். அப்போது மணிகண்டராஜ் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். விட்டுடுங்க அப்பா, வயசான மனுஷன், தெரியாமச் செஞ்சிட்டாரு என்று பெரிய மனசு பண்ணினான். ஒச்சப்பன் அவனைப் பார்த்துக் கும்பிட்டார். கீர்த்திகாவுக்கு அந்தக் கும்பிடு செருப்படி மாதிரி விழுந்தது.

அப்போ மறுபடி ஓட்டிக் காட்டுகிறேன் என்று கேட்டாள். பேச்சு பேச்சுதான் என்றார் அப்பா.

ரேஸ் அன்றைக்குக் கோயம்புத்தூரில் மழை. கீர்த்திகா அச்சாபீஸில் இருந்தாள். போன் அடித்தது.

"அக்கா, தண்ணி நிக்குது. வண்டி நிக்க மாட்டேங்குது. டயர்ல காத்து எம்புட்டு வைக்க? பின்னாடி ஷாக்கு எத்தன கிளிக்கு?"

மன்னிப்பு இல்லை, சாப்பிட்டியா என்ற விசாரிப்புகூட இல்லை. அவளிடம் இரண்டு பதில்கள் இருந்தன. ஒன்று சரியானது, இன்னொன்று அவனை முதல் வளைவிலேயே சுவரில் கொண்டுபோய் வைக்கும். இரண்டாவதுதான் முதலில் வாய்க்கு வந்தது. சொல்லிவிட்டால் என்ன என்று நிஜமாகவே நினைத்தாள். அவள் வேலை செய்து வைத்த கார் அது. இதுவரை அவளிடம் பொய் சொல்லாத ஒன்று உண்டென்றால் அது மட்டும்தான்.

"காத்து ரெண்டு பவுண்டு ஏத்து. பின்னாடி மூணு கிளிக்கு இளக்கு. வளைவுக்குள்ள கால எடுக்காத." போனை வைத்தாள்.

கப்போடு வந்தான். வீடு கொள்ளாத கூட்டம். மழையைப் பார்த்ததும் காற்றையும் ஷாக்கையும் நானே யோசித்து மாற்றினேன் என்று வந்தவர்களிடமெல்லாம் கையை ஆட்டி ஆட்டி விளக்கினான். அவள் சொன்ன வார்த்தைகள் அப்படியே அவன் வாயிலிருந்து வந்தன. காசிராஜன் கப்பைச் சாமி படத்துக்குக் கீழே வைத்து விபூதி பூசினார். திரும்பியவர் கண்ணில் கீர்த்திகா பட்டாள். ஆறுதலாகச் சொல்வதாகத்தான் அவருக்கு நினைப்பு.

"பாத்தியாம்மா? எண்ணெயாம், டயராம். ஓட்டத் தெரிஞ்சவனுக்கு எந்த டயரா இருந்தா என்ன?"

கீர்த்திகா வாசல் பக்கம் பார்த்தாள். ஒச்சப்பன் கார் அருகே குத்துக்காலிட்டு, கோயம்புத்தூரிலிருந்து டயரில் ஒட்டி வந்த கற்களைக் குச்சியால் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார். முதலாளி சொன்னது அவர் காதிலும் விழுந்திருக்கும். அவர் நிமிரவில்லை.