காலியாக வந்த டப்பா

மகள் பள்ளியில் மயங்கி விழுந்த அன்று டாக்டர் அவளுடைய கீழிமையை இழுத்துப் பார்த்தார்.

"ரத்தமே இல்லையேம்மா. வளர்ற பொண்ணு. என்ன குடுக்கறீங்க?"

அம்மா மனசுக்குள் எண்ணிப் பார்த்தாள். காலையில் ரொட்டி, மத்தியானம் சோறு, ராத்திரி மிச்சம்.

"ஒரே மாதிரி குடுக்காதீங்க. கீரை, முட்டை, பயறு, மீன், பழம். மாத்தி மாத்தி."

அம்மா சலவைக் கூடத்தில் இஸ்திரி போடுகிறவள். அன்று முதல் வேலைக்குக் கிளம்பும் முன் டப்பா தயாராகும். ஒரு நாள் கீரையும் பருப்பும், மறுநாள் மீன், அப்புறம் முளைகட்டிய பயறும் முட்டையும். மகளுக்குப் பீட்ரூட் பிடிக்காது என்பதால் துருவி மாவில் பிசைந்துவிடுவாள். மீனின் நடுத்துண்டு டப்பாவுக்கு. தனக்கு நின்றபடி வெறும் ரொட்டி. அவசரத்தில் ருசிகூடப் பார்ப்பதில்லை.

டப்பா தினமும் துடைத்து வைத்ததுபோல் காலியாக வந்தது.

மகள் உயர்ந்தாள். சட்டைக் கை குட்டையானது. கன்னத்தில் நிறம் வந்தது. "நல்லா பார்த்துக்கறீங்க" என்றார் டாக்டர். சலவைக் கூடத்தில் அம்மா அதை ஒருவர் விடாமல் எல்லோரிடமும் சொன்னாள்.

"போதும் தாயே, இஸ்திரி போடற விரிப்புக்குக்கூடத் தெரிஞ்சுபோச்சு" என்றாள் பக்கத்து மேசைக்காரி.

பள்ளி வேன் ஓட்டுகிறவருக்கு மீசை என்று பட்டப்பெயர். மீசை கிடையாது. ஒரு சாயங்காலம் மகள் இறங்கி உள்ளே போனதும் அவர் வேனிலிருந்து தலையை நீட்டினார்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. நேத்து மீன்ல உப்பு கொஞ்சம் தூக்கல்."

"எந்த மீன்?"

"நீங்க குடுத்து விடறதுதான். எனக்கு பிரஷர் வேற. ஆனா உங்க கைப்பக்குவம் வீட்டுக்காரிக்கு வராது. அவகிட்ட சொல்லிடாதீங்க."

அவள் முகத்தைப் பார்த்ததும் அவர் சிரிப்பு அடங்கியது.

"'அம்மா உங்களுக்குத்தான் குடுத்தாங்க'ன்னு பாப்பா சொல்லுச்சே."

உள்ளே மகள் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"மத்தியானம் எங்க சாப்பிடறே?"

மகள் நிமிரவில்லை. "சித்தி கடையில."

பள்ளிக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள் அம்மாவின் தங்கை. மகளின் அப்பாவுக்கு வேறொரு குடும்பம் இருப்பது தங்கைக்கு முன்பே தெரியும். அக்காவிடம் வாயைத் திறக்கவில்லை. அது வெளியானதோடு இருவருக்கும் பேச்சு நின்றிருந்தது.

"எப்போலேர்ந்து?"

"மயங்கி விழுந்தேன்ல, அன்னைக்கு சித்திதான் ஓடி வந்து தூக்கினாங்க. அப்போலேர்ந்து."

"என்ன போடுவா?"

"நீ குடுக்கறதுதான். கீரை, முட்டை. டாக்டர் சொன்னதை நான் சொன்னேன்."

"அதை என் கையால தின்னா என்ன?"

"அங்க சூடா இருக்கும். சித்தி கூடவே உக்காந்து ஏதாவது பேசிக்கிட்டே சாப்பிடுவாங்க. இங்க நீ நின்னுக்கிட்டு தட்டையே பார்ப்பே."

"எங்கிட்ட சொல்லாதேன்னு அவ சொன்னாளா?"

"இல்ல. சித்தி சொல்லிடலாம்னாங்க. நான்தான் வேண்டாம்னேன்."

மறுநாள் காலை கை தன் பழக்கத்தில் டப்பாவை நிரப்பியது. சோறு, கீரை, பருப்பு, ஒரு முட்டை. வெளியே ஹாரன் கேட்டது. மகள் கையை நீட்டினாள்.

அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். டப்பாவைத் திறந்தாள்.

"அம்மா, வேன் வந்துடுச்சு."

"மீசைகிட்ட இன்னைக்கு இல்லேன்னு சொல்லிடு."

மகள் நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். பிறகு கதவு சாத்திய சத்தம் கேட்டது.

அம்மா முட்டையைத் தின்றாள். சோற்றில் கீரையைப் பிசைந்து ஒரு வாய் வைத்தாள். உப்பு தூக்கல்தான். தண்ணீர் குடித்துக் குடித்து முழுவதையும் தின்று முடித்தாள்.