வாலுவின் ஃபோல்டர்

பழைய இமேஜை அழிக்கக் கணினிக்குக் கட்டளை கொடுத்துவிட்டு ரீபூட் அக்கா சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். வழக்கமாக மூடியைக் கழற்றுவதற்குள் முடிந்துவிடுகிற வேலை. அன்று பாதிச் சாப்பாடு ஆன பிறகும் திரையில் வரிகள் ஓடிக்கொண்டே இருந்தன. என்ன இது, இவ்வளவு நேரமா என்று எட்டிப் பார்த்தாள்.

அழிந்துகொண்டிருந்த கோப்புகளின் பெயர்களில் 'வால்வு' என்ற சொல் வந்துபோனது. மறுபடி வந்தது. பிறகு வரிக்கு வரி அதுவேதான். எச்சில் கையோடு கீபோர்டைத் தட்டி நிறுத்தினாள். அப்போது மிச்சம் என்று சொல்ல ஒன்றும் இல்லை.

அந்த ஆராய்ச்சிக் கூடத்தில் அவள்தான் கிளஸ்டரைப் பார்த்துக்கொள்பவள். நூற்றுக்கணக்கான கணினிகளை ஒரே அறையில் அடுக்கி, கேபிளால் கோத்து, ஒரு பெரிய கணக்கைப் பங்குபோட்டுச் செய்ய வைப்பதற்குத்தான் கிளஸ்டர் என்று பெயர். அடுக்கில் உள்ள ஒவ்வொரு கணினியும் ஒரு நோடு. யார் என்ன குறை சொல்லி வந்தாலும் "ரீபூட் பண்ணிப் பாத்தீங்களா?" என்று முதலில் கேட்பாள் என்பதால் ரீபூட் அக்கா என்று பெயர். அவளுக்கும் அதில் வருத்தம் இல்லை. பாதிக் குறை அணைத்துப் போட்டாலே தீர்ந்துவிடும் என்பது அவள் கண்ட உண்மை.

அந்த நோடுகளுக்குச் சொந்தமாக டிஸ்க் கிடையாது. மின்சாரம் வந்ததும் கையை ஏந்தி நிற்கும். கணினியை இயக்குகிற அடிப்படை மென்பொருளான ஓஎஸ்ஸைத் தலைமைக் கணினி நெட்வொர்க் வழியாக அனுப்பும். நோடு அதை நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு வேலையில் இறங்கும். அணைத்தால் எல்லாம் போய்விடும், அடுத்த முறை புதுப் பிறவிதான். நோடுகளுக்கு அனுப்புகிற அந்த ஓஎஸ்ஸின் மூலப்பிரதிக்கு இமேஜ் என்று பெயர். அது தலைமைக் கணினியில் ஒரு ஃபோல்டராக உட்கார்ந்திருக்கும். அதற்குள் நுழைந்து, ஏதோ ஒரு நோடுக்குள்ளேயே இருப்பதுபோல எதையும் போடலாம், எடுக்கலாம், ஓட்டிப் பார்க்கலாம்.

ஓட்டிப் பார்க்க வேண்டுமென்றால் ஒரு கதவு திறக்க வேண்டும். வெளியே பொதுச் சேமிப்பில் இருக்கிற ஒருவருடைய ஃபோல்டரை இமேஜுக்குள் ஒட்டிவிடுவார்கள். உள்ளே இருப்பதுபோலத் தெரியும். உண்மையில் அது வெளியே இருக்கிற அசல். வேலை முடிந்ததும் கதவைக் கழற்றிவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். இதைப் புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் வாய் வலிக்கச் சொல்பவளே அவள்தான். ஊருக்குத்தான் உபதேசம்.

போன வாரம் அவள் பழைய இமேஜுக்குள் ஒரே ஒரு கதவைத் திறந்தாள். அதே கூடத்தில் ஆராய்ச்சி செய்கிற அவளுடைய நாத்தனாரின் ஃபோல்டருக்கு. புது ஓஎஸ் வந்தால் நாத்தனாரின் புரோகிராம் தகராறு செய்யுமோ என்ற கவலையில், பழையதில் எப்படி ஓடுகிறது என்று ஒரு தடவை பார்த்துவைப்போமே என்று, யாரும் கேட்காமலே செய்த உதவி. நடுவில் யாரோ கூப்பிட்டார்கள், எழுந்து போனாள். கதவு திறந்தபடியே கிடந்தது. இன்று இடம் போதவில்லையென்று பழைய இமேஜை அழித்தாள். அழிக்கிற கட்டளைக்கு உள் எது, வெளி எது என்று தெரியுமா? கதவைத் தாண்டிப் போய் அசலையும் துடைத்துவிட்டது.

பொதுச் சேமிப்புக்கு மறுபிரதி கிடையாது. உங்கள் பொருளுக்கு நீங்களே பொறுப்பு என்று சுவரிலேயே ஒட்டி வைத்திருந்தாள். வீட்டில் மூன்று வருடமாக நாத்தனாரிடம் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். "முக்கியமானதை ஒரு காப்பி எடுத்து வச்சுக்கோ வாலு." வாலு ஒவ்வொரு முறையும் சிரிப்பாள். "நீங்க இருக்கும்போது எனக்கு என்ன அண்ணி பயம்?"

நாத்தனார் என்றால் அண்ணியை நாலு பேர் நடுவில் மட்டம் தட்ட வேண்டும் என்பது உலக வழக்கம். வாலுவுக்கு அந்த வழக்கமே தெரியவில்லை. குறும்பு செய்வாள், அண்ணனைச் சீண்டுவாள், அண்ணியை மட்டும் தலையில் வைத்துக் கொண்டாடுவாள். திட்டுகிறவளாக இருந்திருந்தால் ரீபூட் அக்காவுக்கு இவ்வளவு பயமாக இருந்திருக்காது.

வாலுவின் கணக்கு இதய வால்வு வழியாக ரத்தம் எப்படிச் சுழன்று ஓடுகிறது என்பது. ஐந்து மாதமாக ஓடுகிறது. அவளுடைய பட்டமே அதில்தான் தொங்குகிறது. ரீபூட் அக்கா நோடுகளின் பட்டியலைத் திறந்தாள். அறுபது நோடுகளில் அந்தக் கணக்கு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. மற்ற நோடுகளைப் புது ஓஎஸ்ஸுக்கு மாற்றியபோது, கணக்கு ஓடுவதால் அவற்றை மட்டும் ரீபூட் செய்யாமல் விட்டிருந்தாள். அவை பழைய ஓஎஸ்ஸிலேயே, ஐந்து மாதக் கணக்கு முழுவதையும் நினைவகத்தில் சுமந்துகொண்டு ஓடின.

அப்படியென்றால் எல்லாம் போய்விடவில்லை. அந்தப் புரோகிராம் அவ்வப்போது கையிலுள்ள மொத்தத்தையும் சேமிப்பில் எழுதும். அடுத்த முறை எழுதிவிட்டால் பிழைத்தது. ஆனால் எழுதப்போகிற இடத்தில் ஃபோல்டர்கள் இல்லையென்றால் அது ஒரு வார்த்தை முனகிவிட்டுச் செத்துப்போகும். செத்தால் நினைவகத்தில் இருப்பதும் போகும். நிறுத்தி வைக்கலாமென்றால் அறுபதும் ஒன்றையொன்று எதிர்பார்த்து ஓடுபவை. ஒன்று வாய் மூடினால் மற்றவை அது செத்ததாக எண்ணித் தாமும் விழும். எந்தெந்த ஃபோல்டர் வேண்டும், எப்போது எழுதும் என்ற விவரம் இருந்த கோப்பும் அழிந்ததோடு அழிந்தது. அது தெரிந்த ஒரே ஆள் வாலு.

போன் செய்தாள். வாலு எடுக்கவில்லை. எடுத்திருந்தால் என்ன சொல்லியிருப்போம் என்று யோசித்தாள். டிஸ்க் போய்விட்டது என்று சொல்லலாம். டிஸ்க் போகிறதுதான், மாதம் ஒன்று போகிறது. யார் கேட்கப்போகிறார்கள்? அப்படி நினைத்த வாயைக் கழுவ வேண்டும்போல் இருந்தது. கையையே இன்னும் கழுவவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

கேன்டீன் எதிர்க் கட்டடத்தில் இருந்தது. படிகளில் அவள் இறங்கிய வேகத்தைப் பார்த்துக் காவலாளி எழுந்து நின்றார். வாலு ஜன்னலோர மேஜையில், புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணோடு உட்கார்ந்திருந்தாள்.

"இவங்கதான் எங்க அண்ணி," என்று அந்தப் பெண்ணிடம் சொன்னாள். "இப்பதான் உங்களப் பத்திச் சொல்லிட்டிருந்தேன் அண்ணி. இந்த மெஷினுக்கே நீங்கதான் அம்மான்னு."

"வாலு, கொஞ்சம் வெளிய வா."

"என்ன அண்ணி, மூஞ்சியே சரியில்ல. அண்ணனுக்கு ஏதாவதா?"

"அண்ணன் நல்லாத்தான் இருக்காரு. வா."

வராந்தாவில் நின்று சொன்னாள். "உன் ஃபோல்டர அழிச்சுட்டேன். நான்தான். டிஸ்க் போகல, வேற யாரும் இல்ல. என் கைதான்."

வாலு சிரித்தாள், விளையாட்டு என்று நினைத்து. பிறகு அண்ணியின் கையில் காய்ந்திருந்த சோற்றுப் பருக்கையைப் பார்த்தாள். சிரிப்பு அப்படியே நின்றது.

"எல்லாமா?"

"நோடுல இருக்கு. இன்னும் ஓடிட்டிருக்கு. அடுத்து எப்ப எழுதும்?"

"ரெண்டரைக்கு மேல எழுதும்." வாலு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு தாண்டியிருந்தது. இருவரும் ஓடினார்கள்.

ரீபூட் அக்கா தன் நாற்காலியை வாலுவுக்குக் கொடுத்துவிட்டுப் பின்னால் நின்றாள். வாலு தன் கடவுச்சொல்லைப் போட்டு நுழைந்து தன் ஃபோல்டரைத் திறந்தாள். வெறும் வெள்ளையாக இருந்தது. ரீபூட் அக்கா அவள் தோளைத் தொடப் போய், கையை இழுத்துக்கொண்டாள்.

வேகம், சுவர், ஓட்டம் என்று மூன்று ஃபோல்டர்களை வாலு மளமளவென்று உருவாக்கினாள். நான்காவதில் விரல் நின்றுவிட்டது.

"அழுத்தத்துக்குத் தனியா போட்டேனா, இல்ல சுவருக்குள்ளயே போட்டேனான்னு ஞாபகம் இல்ல அண்ணி. அஞ்சு மாசம் ஆச்சு."

"ரெண்டு இடத்துலயும் போட்டுடு. கூட ஒண்ணு இருந்தா தப்பில்ல. கொறஞ்சாத்தான் சாகும்."

"வேற ஏதாவது விட்டிருந்தா?"

ரீபூட் அக்கா திரையின் மூலையில் மணியைப் பார்த்தாள்.

காத்திருந்தார்கள். கண்ணாடிக்கு அப்பால் குளிர்ந்த அறையில் அறுபது நோடுகளும் ஒரே சீராக இரைந்துகொண்டிருந்தன. இரைச்சல் திடீரென்று குறைந்தால் கணக்கு செத்துவிட்டது என்று அர்த்தம். ரீபூட் அக்கா காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். தும்பை விட்டுவிட்டு வாலைப் பிடிக்கிறோம் என்று அவள் மனமே அவளைக் குத்திக்காட்டியது. ஐந்து மாதம் ஒரு பெண் ராப்பகலாக உழைத்தது, தன் ஒரு மறதியால், மின்சாரம் இருக்கும்வரை மட்டுமே உயிரோடிருக்கிற நினைவகத்தில் ஊசலாடுகிறது. அறையில் விளக்கு லேசாக மினுக்கியதுபோல் இருந்தது. மினுக்கவில்லை, அவள் கண்தான்.

இரைச்சல் குறைந்தது.

வாலு அண்ணியின் மணிக்கட்டைப் பிடித்தாள். நகம் பதிந்தது. எழுதத் தொடங்கும்போதும் நோடுகள் கணக்கை நிறுத்தும், அப்போதும் இரைச்சல் குறையும் என்பது ரீபூட் அக்காவுக்குத் தெரியும். இது எது என்று திரையைப் பார்த்தாள்.

வேகம் ஃபோல்டரில் ஒரு கோப்பு தோன்றியது. அளவு பூஜ்யம். பிறகு அளவு ஏறியது. ஓட்டத்தில் ஒன்று. சுவரில் ஒன்று. அழுத்தம் சுவருக்குள்ளே போய் உட்கார்ந்தது. தனியாகப் போட்டது காலியாகவே கிடந்தது. கோப்புகள் ஏறி, நின்று, மூடிக்கொண்டன. கண்ணாடிக்கு அப்பால் இரைச்சல் பழையபடி எழுந்தது.

வாலு கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து, முதல் நாளிலிருந்து எண்கள் இருக்கின்றனவா என்று பார்த்தாள். இருந்தன. நாற்காலியில் சாய்ந்து முகத்தை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். ரீபூட் அக்கா நின்றபடியே அழுதாள். பிறகு அவளே முதலில் பேசினாள்.

"திட்டு வாலு. ஏதாவது சொல்லு."

"எதுக்குத் திட்டணும்? வந்து சொன்னீங்கல்ல. சொல்லாம விட்டிருந்தா இதுவும் போயிருக்கும்." வாலு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குரலில் கோபம் இல்லை. கடையில் விலை விசாரிப்பதுபோல் சாதாரணமாகக் கேட்டாள். "பெருசா ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கணும் அண்ணி. எது நல்லதுன்னு சொல்லுங்க."

மூன்று வருடமாக ரீபூட் அக்கா அவளைச் செய்யச் சொல்லிக் கெஞ்சிய காரியம் அது. 'நீங்க இருக்கும்போது எனக்கு என்ன பயம்' என்கிற சிரிப்பு மட்டும் இந்த முறை வரவில்லை. ஒரு நல்ல டிஸ்க்கின் பெயரைச் சொன்னாள். வாலு அதைக் கேட்டுக்கொண்டு, இன்றைக்கே வாங்கிவிடுகிறேன் என்று பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.