பெரியாயி உட்காராத கதிரை

1

இந்தக் கதை என்னுடையது அல்ல. சரோஜினி டீச்சர் சொன்னது. பதுளை பஸ் நிலையத்தில் மழைக்கு ஒதுங்கி நின்றபோது, ஸ்பிரிங்வெளி பஸ் வரும்வரை பொழுது போக வேண்டுமே என்று சொன்னார். அவருக்குப் பொழுது போய்விட்டது. எனக்குத்தான் மூன்று வருஷமாகப் போகவில்லை.

நாங்கள் இருவரும் ஒரே தனியார் வகுப்பில் படிப்பித்தோம். பஜாரில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடி. அவர் யாழ்ப்பாணத்துக்காரர், பேச்சு ஆங்கிலம் அவருடைய பாடம். நான் தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் பிறந்து பட்டணத்துக்கு ஏறி வந்தவன், இலக்கணம் என்னுடையது. கொழும்பிலிருந்து ஒரு பரீட்சை வரும். முதலாம் தரம், இரண்டாம் தரம் என்று படிப்படியாக மேலே போகும். ஒவ்வொரு படிக்கும் ஒரு சான்றிதழ். பெற்றோர் அதைச் சட்டம் போட்டுச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டுவார்கள். அந்தப் படிகளில் பிள்ளைகளை ஏற்றிவிடுவதுதான் எங்கள் பிழைப்பு.

நன்றாக எழுத வேண்டும் என்ற ஆசை எல்லாம் எனக்கு விட்டுப்போய்விட்டது. தலையிலிருந்து இறக்கி வைத்தால் போதும் என்று எழுதுகிறேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

“பதுளை நகரத்தின் மீது மூடுபனி மெல்ல இறங்கிக்கொண்டிருந்த ஒரு மார்கழிக் காலையில்...”

நிறுத்திவிட்டேன். பரீட்சை நடந்தது ஆகஸ்ட்டில், மண்டை பிளக்கும் வெயிலில். மலையகக் கதை என்றால் பனியை இறக்கியே ஆக வேண்டும் என்று கை பழகிவிட்டிருக்கிறது.

பிறகு இப்படி:

“பத்தொன்பது வயதான தர்மிளா, தன் ஒரே வெள்ளைச் சட்டையை...”

இதுவும் வேண்டாம். தர்மிளா என்று யாரும் இல்லை. பெரியாயிதான் இருந்தார், அவருக்கு நாற்பது தாண்டிவிட்டது. இளம்பெண்ணாகப் போட்டால் நீங்கள் சீக்கிரம் இரங்குவீர்கள் என்று நினைத்தேன். நாற்பது தாண்டிய பெண்ணுக்கு இரங்க உங்களுக்குக் கொஞ்சம் நேரம் எடுக்கும். எடுக்கட்டும்.

மூன்றாவது:

“பெரியாயி பரீட்சை வரிசையில் போய் நின்றபோது, சப்பாத்தும் சொக்ஸும் போட்டு நின்ற சின்னப் பிள்ளைகள் அவரை யாரோ ஒருவருடைய அம்மா என்று நினைத்தார்கள்.”

இது உண்மை. இதை வைத்துக்கொள்கிறேன். ஆனால் நாற்பது வயதுப் பெண் சின்னப் பிள்ளைகளோடு ஏன் வரிசையில் நின்றார் என்று நீங்கள் கேட்பீர்கள்.

3

பெரியாயி ஸ்பிரிங்வெளிப் பக்கத்து ஒரு தோட்டத்தில் பிள்ளைக்காம்பரா ஆயா. (தோட்டத்தின் பெயர் வேண்டாம்.) தாய்மார் கொழுந்து எடுக்க மலைக்குப் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுப் போகும் இடம் அது. முன்பு அவரும் கூடை கட்டியவர்தான். மழை நாளில் வடிகால் கானில் விழுந்து கால் முறிந்தது. பதுளை ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். கால் கூடியது, பழையபடி ஆகவில்லை. ஏற்றம் ஏற முடியாது. அதனால் ஆயா வேலைக்குப் போட்டார்கள்.

அப்புறம் காலம் மாறியது. யுத்தம் ஓய்ந்திருந்த வருஷம். வெளிநாட்டு உதவிக்காரர்கள் ஜீப்பில் வந்து பிள்ளைக்காம்பராக்களைப் பார்த்துவிட்டுப் போனார்கள். சுவருக்கு மஞ்சள் வர்ணம் பூசினார்கள். பெரட்டுக் களத்தில் எல்லோரும் காலையில் கூடி நின்றபோது தோட்டத்தை நடத்தும் துரை அறிவித்தார்: வருகிறவர்களோடு நாலு வார்த்தை இங்கிலீஷில் பேசத் தெரிந்தவர்தான் இனி ஆயா. முதலாம் தரச் சான்றிதழாவது வேண்டும். இல்லாதவர் மலைக்குப் போகலாம். அப்படித்தான் பெரியாயி சரோஜினி டீச்சரின் வகுப்புக்கு வந்து சேர்ந்தார்.

அவ்வளவுதான் விஷயம். சான்றிதழ் கிடைத்தால் பிள்ளைகள். கிடைக்காவிட்டால் அந்தக் காலோடு மலை.

[இடையில் ஒரு வார்த்தை. முதல் பிரதியில் பெரியாயியை ‘அவள்’ என்று எழுதியிருந்தேன். துரை வருமிடத்தில் தானாகவே ‘அவர்’ என்று விழுந்திருந்தது. லயத்தில் பிறந்த என் கையே இப்படி எழுதியிருக்கிறது. எல்லாவற்றையும் திருத்தினேன். எங்காவது ‘அவள்’ தப்பியிருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்.]

4

பரீட்சகரைக் கெட்டவராக எழுதினால் கதை சுலபமாக ஓடும். தங்கக் கண்ணாடி, சுருட்டிய உதடு எல்லாம் எழுதியும் பார்த்தேன். சரோஜினி டீச்சரிடம் வாசித்துக் காட்டினேன்.

“சும்மா விசர்க் கதை எழுதாதேங்கோ,” என்றார். “அந்த மனிசன் தங்கமான மனிசன். அழுத பிள்ளையளுக்கு ரொபி, இனிப்பெல்லாம் குடுத்தவர்.”

ஆகவே பரீட்சகர் நல்லவர். இது எனக்கு மிகுந்த தொந்தரவு.

முதலாம் தரத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. உள்ளே போனதும் வணக்கம் சொல்ல வேண்டும். பரீட்சகர் சின்னச் சின்னக் காரியங்கள் செய்யச் சொல்வார்: ஜன்னலைக் காட்டு, சிவப்புப் பென்சிலைக் கொடு. செய்து காட்டினால் விளங்கியது என்று அர்த்தம். கடைசியில் ஏதாவது ஒன்றைப் பற்றி ஒரு நிமிஷம் பேச வேண்டும்.

பெரியாயி உள்ளே போனார். சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, “குட் மோர்னிங் சேர்,” என்றார். ஜன்னலைக் காட்டினார். பென்சிலை இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார். பிள்ளைக்காம்பராவைப் பற்றி நிற்காமல் பேசினார். வெளியே வந்து டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நல்லா செஞ்சிட்டேங்க டீச்சர். ஒண்ணுகூட வுடல.”

அன்று இருவரும் கீழே பேக்கரியில் பிளேன்ரீ குடித்தார்கள். பெரியாயி தன் பங்கு பணிஸைப் பேப்பரில் சுற்றி மடியில் கட்டிக்கொண்டார், பிள்ளைகளுக்கு.

5

பெறுபேறு வந்தது. சித்தியில்லை, பெயில்.

பேச்சு நன்று என்று போட்டிருந்தது. ஆனால் ‘எளிய அறிவுறுத்தல்களை விளங்கிக்கொள்ளவில்லை’.

சரோஜினி டீச்சருக்கு நம்ப முடியவில்லை. பெரியாயியைக் கூப்பிட்டு, நடந்ததை ஒன்றும் விடாமல் சொல்லச் சொன்னார். அந்தப் பேச்சை டீச்சர் எனக்குச் சொன்னபடியே தருகிறேன். இதில் நான் கை வைக்கவில்லை.

“உள்ளுக்குப் போன உடனை என்ன சொன்னவர்?”

“சிட் டவுன் ப்ளீஸ்னு சொன்னாருங்க.”

“விளங்கினதோ?”

“வெளங்காம? ஒக்காரச் சொல்றாரு.”

“நீங்கள் என்ன செய்தனீங்கள்?”

“தேங்க் யூ சேர்னு சொன்னேன்.”

“சொல்லிப்போட்டு கதிரையிலை இருந்தனீங்களோ?”

பெரியாயி டீச்சரை ஒரு மாதிரியாகப் பார்த்தாராம். இவ்வளவு படித்தவருக்கு இதுகூடத் தெரியவில்லையே என்ற பார்வை.

“அது எப்பிடிங்க டீச்சர்? அவரு மரியாதைக்குச் சொல்றாரு. நாமளும் மரியாதைக்கு நிக்கணும்ல. மூணு தரம் சொன்னாருங்க, பாவம். ரொம்ப நல்ல மனுசன்.”

டீச்சர் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

இதைத் தோட்டத்துக்கு வெளியே பிறந்தவர்களுக்குச் சொல்லிவிடுவது நல்லது. ஆபீசில் துரை “உக்காரு” என்றால், அவர் அன்றைக்குக் கோபமாக இல்லை என்று அர்த்தம். கதிரை என்பது அந்தப் பேச்சில் இல்லாத சாமான். கேட்டவர் “பரவாயில்லீங்க தொரை” என்று சொல்லி இன்னும் கொஞ்சம் ஒடுங்கி நிற்க வேண்டும். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. நான் என் முதல் கதையைக் கொண்டு கொழும்புக்குப் போனபோது பத்திரிகை ஆசிரியர் உட்காரச் சொன்னார். பேசி முடித்து வெளியே வந்த பிறகுதான் கால் வலித்தது. அப்போதுதான் நின்றுகொண்டே இருந்தேன் என்பது தெரிந்தது.

6

அடுத்த பரீட்சைக்கு ஆறு மாதம் இருந்தது. துரை அதுவரை பொறுத்துக்கொள்கிறேன் என்றார்.

சரோஜினி டீச்சர் ஆங்கிலம் படிப்பிப்பதை நிறுத்திவிட்டு உட்காரப் படிப்பித்தார். வகுப்பின் நடுவில் கதிரை. “சிட் டவுன் ப்ளீஸ்.” பெரியாயி நுனியில் தொட்டும் தொடாமலும் இருப்பார். “பின்னுக்குச் சாய்ஞ்சு இருங்கோ.” சாய்ந்தால் உடனே எழும்பிவிடுவார்.

“முதுகு கூசுதுங்க டீச்சர். திட்டு விழப்போற மாதிரியே இருக்கு.”

டீச்சருக்கும் அலுத்துவிட்டது. ஒருநாள் என்னிடம், “நான் என்னத்தைப் படிப்பிக்கிறன் எண்டு எனக்கே தெரியேல்லை,” என்றார். நான் மேல் வகுப்புக்குச் செயப்பாட்டு வினை நடத்தப் போய்விட்டேன்.

வழி கண்டுபிடித்தது பெரியாயிதான். பிள்ளைக்காம்பராப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார், தன்னைப் பார்த்துச் சொல்லும்படி. மூன்று வயது, நாலு வயதுப் பிள்ளைகள். “சிட் டவுன் ப்ளீஸ் ஆயா!” என்று கத்துவார்கள். அவர் கதிரையில் உட்காருவார். அவர்கள் கைதட்டிவிட்டு எழும்பச் சொல்வார்கள். மறுபடியும் உட்காரச் சொல்வார்கள். அந்த விளையாட்டு அவர்களுக்கு அலுக்கவே இல்லை. புருஷன் மாடசாமி வேலியருகே நின்று பார்த்துவிட்டு, “இவளுக்கு இந்த வயசுல கிறுக்குப் புடிச்சிருச்சு,” என்று சொல்லிச் சிரித்துக்கொண்டு போனாராம்.

இந்த இடத்தை எழுதும்போது மட்டும் எனக்கு அலுப்பு இல்லை.

7

இரண்டாவது பரீட்சை. அதே நல்ல மனிதர். “சிட் டவுன் ப்ளீஸ்.”

பெரியாயி உட்கார்ந்தார். முதுகு கதிரையில் படும்படி.

சித்தி. சான்றிதழ் வந்தது. பேக்கரியில் மறுபடியும் பிளேன்ரீ.

கதையை இங்கே முடித்திருக்கலாம். இதைக் கேட்ட ஒரு நண்பரும் அதையே சொன்னார், “வாசகனைச் சந்தோஷமாக வீட்டுக்கு அனுப்பு.” எனக்கும் விருப்பம்தான். களைத்துப்போயிருக்கிறேன் என்று சொன்னேனே. ஆனால் சான்றிதழைப் பெரியாயி துரையிடம் காட்ட வேண்டும். அதைக் காட்டாமல் வேலை இல்லை.

8

தோட்டத்து ஆபீஸ். துரையின் அறை. மேசைக்கு இந்தப் பக்கம் ஒரு கதிரை உண்டு, ஜீப்பில் வருகிறவர்களுக்காக. பெரிய கிளாக்கர் மதுசூதனன் வருஷக்கணக்காக அந்த அறையில் நின்றுகொண்டேதான் கையெழுத்து வாங்குகிறார். அன்றும் பக்கத்தில் நின்றார்.

துரை சான்றிதழைப் பார்த்தார். சந்தோஷமாகவே இருந்தார். தொழிலாளரோடு எப்போதும் தமிழில் பேசுகிறவர், அன்று விளையாட்டாக ஆங்கிலத்தில் சொன்னார்:

“வெரி குட், பெரியாயி. சிட் டவுன், ப்ளீஸ்.”

பெரியாயி உட்கார்ந்தார்.

நுனியில் அல்ல. நன்றாகச் சாய்ந்து, கை இரண்டையும் மடியில் வைத்து, நிமிர்ந்து துரையின் முகத்தைப் பார்த்தார். முதலாம் தரத்தில் அப்படித்தான்.

பெரிய கிளாக்கர் துரையைப் பார்த்தார்.

(முடிவு அ: துரை வாய்விட்டுச் சிரித்து, “வேலை உனக்குத்தான்,” என்றார். — அடித்துவிட்டேன். அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும்.)

(முடிவு ஆ: “ஏய், எழும்பு!” என்று கிளாக்கர் பல்லைக் கடித்தார். துரை ஒன்றும் சொல்லாமல் ஜன்னல் பக்கம் திரும்பி... — இதையும் அடித்துவிட்டேன்.)

(முடிவு இ: துரை சான்றிதழை மடித்து

9

பிற்பாடு ஒரு ஞாயிற்றுக்கிழமை பதுளைச் சந்தையில் பெரியாயியைக் கண்டேன். போஞ்சி பொறுக்கிக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொல்லி, நேரடியாகவே கேட்டேன்.

“அக்கா, அன்னைக்கு ஆபீசுல மறந்துபோய் ஒக்காந்தீங்களா, இல்ல வேணும்னே ஒக்காந்தீங்களா?”

“தொரை தமிழ்ல சொல்லியிருந்தா நின்னிருப்பேன் தம்பி,” என்றார். “இங்கிலீசுல சொன்னாரு. இங்கிலீசுல சொன்னா ஒக்காரணும்னுதானே ஒரு தரம் பெயில் போட்டாங்க?”

முகத்தில் சிரிப்பு இருக்கிறதா என்று தேடினேன். அவர் ஒரு முற்றல் போஞ்சியை ஒடித்துப் பார்த்து அப்பால் போட்டார்.

இப்போது எங்கே வேலை என்று கேட்டேன். சொன்னார். ஆகவே துரை அன்று என்ன சொன்னார், என்ன செய்தார் என்பது எனக்குத் தெரியும். எழுதமாட்டேன். எழுதினால் கதையின் கடைசி வசனம் துரையுடையதாகிவிடும். எங்கள் கதைகள் எல்லாம் அப்படியே முடிந்திருக்கின்றன, எனக்கு அது அலுத்துவிட்டது.

பெரியாயி கதிரையில் இருக்கிறார். சொன்னதைச் செய்துவிட்டுக் காத்திருக்கிறார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த துரையை நான் வெளியே அனுப்பிவிட்டேன். அந்த இடத்தில் இப்போது நீங்கள் போய் இருங்கள்.

அடுத்து என்ன சொல்லப்போகிறீர்கள்?